மார்க் போடுவதற்கு முன் ஒரு கோப்பை ஓட்டிப் பாருங்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமில்லாத நேரத்தில் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அரசு சார்ந்த ஒரு நிறுவனத்தில் அதிகாரியாக இருக்கிறான். எந்த நிறுவனம், எந்த பேட்ச் என்று சொல்லமாட்டேன். சொன்னால் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவீர்கள். அவர்கள் அலுவலகத்தில் கொள்முதல் வேலை முழுவதையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவரப் போகிறார்களாம். எந்தக் கம்பெனியிடம் வாங்குவது என்று முடிவு செய்ய ஐந்து பேர் கொண்ட குழு. இவனும் அதில் ஒருவன். டெண்டர் இன்னும் விடவில்லை. டெண்டரில் சேர்க்க வேண்டிய மதிப்பெண் பட்டியலின் வரைவு மட்டும் தயார்.

"சார், நீங்க முப்பத்தஞ்சு வருஷம் மார்க் போட்டவர். இதைக் கொஞ்சம் பாருங்க" என்றான்.

"எனக்கு மென்பொருளெல்லாம் தெரியாதேப்பா."

"மார்க் தெரியுமே சார்."

படித்துப் பார்த்தேன். எண்களை இங்கே எழுதுவது முறையல்ல. சாயலை மட்டும் சொல்கிறேன். கம்பெனியின் ஆண்டு வருமானத்துக்கு மார்க். எத்தனை வருடமாகத் தொழிலில் இருக்கிறது என்பதற்கு மார்க். எத்தனை ஊழியர்கள், எத்தனை சான்றிதழ்கள் என்பதற்கு மார்க். மீதி மார்க் குழுவின் முன்னால் காட்டும் டெமோவுக்கு. இளநிலை உதவியாளரால் அதை ஓட்ட முடியுமா என்பதற்கு ஒரு மார்க்கும் இல்லை. பொருள் சப்ளை செய்பவனுக்குப் பணம் எப்போது போகும் என்று யாரும் கேட்கவில்லை. பத்து வருடம் கழித்து வேறு கம்பெனிக்கு மாற முடியுமா என்றும் கேட்கவில்லை.

"ஏம்ப்பா, பையனுக்கு வைக்கிற பரீட்சையில அப்பாவோட சம்பளத்துக்கு மார்க் போட்டா எப்படி இருக்கும்?" என்றேன். சிரித்தான். ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை. ஏன் என்று சொல்ல, முதலில் என் தப்பு ஒன்றைச் சொல்லவேண்டும்.

நான் தலைமையாசிரியராக இருந்தபோது பள்ளிக்கு பெஞ்சு, டெஸ்க் வாங்கவேண்டி வந்தது. மூன்று கொட்டேஷன் வாங்கவேண்டும் என்பது விதி. கடைக்காரர் ஒருவர் வந்தார். "நீங்க எதுக்கு சார் அலையணும்? மூணையும் நானே கொண்டுவந்துடறேன்" என்றார். கொண்டுவந்தார். மூன்று கடைகளின் லெட்டர்பேடு. அதில் இரண்டில் ஒரே கையெழுத்து. எனக்குத் தெரிந்தது. பரீட்சை நேரம், வேலை நெருக்கடி, பணத்தை மார்ச் 31க்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, குறைந்த விலைக்கு ஆர்டர் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு பைசா நான் வாங்கவில்லை. ஆனால் கையெழுத்து என்னுடையது.

இரண்டு வருடத்தில் டெஸ்க்கின் பலகை உரிந்து வந்தது. அதே ஊரில் நல்ல தச்சர் ஒருவர் இருந்தார். அவர் மகன் அப்போது என் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். அவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆடிட் வந்தது. மூன்று கொட்டேஷன் இருக்கிறது, ஒப்பீட்டுப் பட்டியல் இருக்கிறது, வவுச்சர் இருக்கிறது, ஸ்டாக் ரிஜிஸ்டரில் வரவு வைத்திருக்கிறது என்று பச்சை மையில் டிக் அடித்துவிட்டுப் போனார்கள். ஒரு ஆட்சேபணையும் இல்லை.

எல்லாத் தாளும் சரியாக இருந்து, காரியம் மட்டும் தப்பாக இருந்தது. ஒரு மென்பொருளை எடைபோடும்போது இதைத்தான் மனதில் வைக்கவேண்டும் என்பது என் கருத்து. தாள் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் மென்பொருள் என்னைப் போன்ற ஒரு தலைமையாசிரியருக்கு இன்னும் வசதியாகத்தான் இருக்கும். மூன்று கொட்டேஷனை ஸ்கேன் செய்து ஏற்று என்று சொல்லும், பச்சை டிக் காட்டும்.

விவரம் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். அரசுக் கொள்முதலில் இப்போது மூன்று விதமான கம்ப்யூட்டர் ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று, ஜெம் என்கிற மத்திய அரசின் இணையச் சந்தை. 2016 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் கிடைக்கும் பொருளை மத்திய அரசுத் துறைகள் அதன் வழியாகத்தான் வாங்கவேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் சொல்கின்றன. இரண்டாவது, டெண்டர் தளங்கள். தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய மென்பொருளில் நம் மாநிலத்தின் டெண்டர் தளம் உட்படப் பல மாநிலத் தளங்கள் ஓடுகின்றன. மூன்றாவது, ஒரு நிறுவனத்துக்குள்ளேயே நடக்கும் வேலைக்கான மென்பொருள். பிரிவு அலுவலகம் இண்டென்ட் போடுவது, நிதி இருக்கிறதா என்று பார்ப்பது, ஒப்புதல், டெண்டர், ஒப்பீடு, ஆர்டர், சரக்கு வந்ததும் சோதனை, ஸ்டாக் வரவு, பில், பணம், கடைசியில் ஆடிட் என்று சங்கிலியாகப் போகும். என் மாணவன் வாங்கப் போவது இந்த மூன்றாவது வகை. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் வேலை நின்றுவிடும்.

கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டெண்டர் பெட்டி இருந்த காலத்தை நானும் பார்த்திருக்கிறேன். கடைசி நாளில் பெட்டிக்கு அருகே நாலு தடியர்கள் நின்றுகொண்டு, வேண்டாத ஆளைப் படியேற விடமாட்டார்கள். 1998இல் நம் மாநிலத்தில் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்ததற்கும், பிறகு ஆன்லைன் வந்ததற்கும் நாம் நன்றி சொல்லவேண்டும். வீட்டில் உட்கார்ந்தபடியே டெண்டர் போடலாம் என்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் டெமோவைப் பார்த்து மார்க் போடுவது வேறு. ஆசிரியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இன்ஸ்பெக்ஷன் அன்று நடத்தும் பாடம் ஒன்று உண்டு. ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருப்போம். எந்தக் கேள்விக்கு எந்தப் பையன் கை தூக்குவான் என்பதுகூட முடிவாகியிருக்கும். கல்வி அதிகாரி மகிழ்ந்துபோய் எழுதிவிட்டுப் போவார். டெமோவும் அப்படித்தான். கம்பெனி ஆள், கம்பெனி லேப்டாப், கம்பெனியே தயாரித்த கணக்கு. அதில் சப்ளையர் ஒருநாளும் தாமதம் செய்யமாட்டார். சரக்கு ஒருநாளும் குறையாது.

நிஜத்தில் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மன்றம் ஒரு பாடம். 1999 முதல் பயன்படுத்திய பழைய மென்பொருளை விட்டுவிட்டு, கணக்கு, கொள்முதல், சம்பளம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2022 ஏப்ரலில் ஆரக்கிள் மென்பொருளுக்கு மாறினார்கள். அதே மென்பொருள் உலகில் எத்தனையோ இடங்களில் ஓடுகிறது. இவர்கள் தங்கள் பழைய நடைமுறைக்கு ஏற்ப அதை வெட்டி ஒட்டினார்கள். வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும் பகுதி வேலை செய்யவில்லை. எந்த வரவு எந்தக் கணக்கில் என்று தெரியாமல் ஊழியர்கள் கையால் உட்கார்ந்து சரிசெய்தார்கள். முதலில் சுமார் 1.9 கோடி பவுண்டு என்று போட்ட திட்டம், 2023இல் 10 கோடி பவுண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அந்த ஆண்டு செப்டம்பரில், செலவுக்குப் பணம் இல்லை என்று மன்றம் சட்டப்படி அறிவிப்பு வெளியிட்டது. பெண் ஊழியர்களுக்குத் தரவேண்டிய சம ஊதியப் பாக்கிதான் பெரிய காரணம். ஆனால் இந்த மென்பொருள் விவகாரமும் அதில் சேர்ந்திருந்தது. அத்தனை பெரிய ஊருக்கே இந்தக் கதி.

அதனால் நான் அவனுக்கு ஒரு வினாத்தாள் எழுதிக் கொடுத்தேன். ஐந்து கேள்விகள். எல்லாம் செய்முறைத் தேர்வு. எழுத்துத் தேர்வு இல்லை.

முதல் கேள்வி. உங்கள் அலுவலகத்தில் போன வருடம் முடிந்துபோன ஒரு கோப்பை எடுங்கள். சுலபமான கோப்பு வேண்டாம். எல்லாரையும் அழவைத்த கோப்பாகப் பாருங்கள். 100 கேட்டு 92 வந்தது, அதில் 5 திருப்பி அனுப்பினோம், நடுவில் ஜி.எஸ்.டி. விகிதம் மாறியது, ஒப்புதல் தரவேண்டிய அதிகாரி மாற்றலில் போய்விட்டார் என்கிற மாதிரி. ஊர், பேர் மறைத்துவிட்டு, அதை இண்டென்டிலிருந்து பணம் கொடுப்பது வரை அந்த மென்பொருளில் ஓட்டச் சொல்லுங்கள். ஓட்டவேண்டியது கம்பெனி ஆள் இல்லை. உங்கள் இளநிலை உதவியாளரும், ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும் அந்தச் சூப்பிரண்டும். கம்பெனிக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கட்டும். எந்த இடத்தில் சிக்குகிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஜெம்மிலோ டெண்டர் தளத்திலோ ஒருமுறை அடித்த விவரத்தை இங்கே மறுபடியும் அடிக்கவேண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டுமுறை அடித்தால் ஒருமுறை தப்பு வரும்.

இரண்டாவது கேள்வி, பூட்டு. டெண்டரில் போட்ட விலையை, திறக்கவேண்டிய நேரத்துக்கு முன் யாராலும் பார்க்க முடியக்கூடாது. மென்பொருளைப் பராமரிக்கும் கம்பெனி ஆளாலும், உங்கள் தலைமை அதிகாரியாலும்கூட முடியக்கூடாது. இதற்கெல்லாம் மத்திய அரசின் எஸ்.டி.கியூ.சி. என்கிற தரச் சோதனை அமைப்பின் வழிகாட்டுதல்கள் 2011இலேயே வந்துவிட்டன. அவற்றின்படி சோதித்த சான்றிதழைக் கேளுங்கள். சான்றிதழோடு நின்றுவிடாமல், உங்கள் கண்முன் திறக்க முயற்சி செய்து பார்க்கச் சொல்லுங்கள். 2018இல் மத்தியப் பிரதேசத்தில் குடிநீர்த் திட்ட டெண்டர்களில், ஆன்லைனில் போட்ட விலையையே உள்ளே புகுந்து மாற்றிவிட்டதாகப் புகார் எழுந்து, டெண்டர்களை ரத்து செய்தார்கள். மறு வருடம் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிவு செய்தது. பெட்டிக்கு அருகே நின்ற தடியர் போய்விட்டார் என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது, பெட்டிக்குள்ளேயே ஒருவர் உட்கார்ந்திருக்கலாம்.

மூன்றாவது, தடம். யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எதை எதுவாக மாற்றினார் என்று ஒவ்வொன்றும் பதிவாகிறதா? அந்தப் பதிவை யாராலாவது அழிக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு மார்க் போட உங்கள் ஆடிட் பிரிவிலிருந்து ஒருவரைக் கூப்பிடுங்கள். என் மூன்று கொட்டேஷன் கதையையும் இங்கே சோதியுங்கள். ஒரே கம்ப்யூட்டரிலிருந்து மூன்று விலை வந்தால், அல்லது மூன்று கம்பெனிகளுக்கும் ஒரே போன் நம்பர் இருந்தால், மென்பொருள் மணி அடிக்கிறதா? அடிக்கவில்லை என்றால், என்னைப் போலவே அதுவும் கண்ணை மூடிக்கொள்கிறது என்று அர்த்தம். அடித்தால், அந்த மணி யாருக்குக் கேட்கிறது என்றும் பாருங்கள். தப்பு செய்தவர் மேசையில் மட்டும் அடிக்கும் மணியால் பயனில்லை.

நான்காவது, மேசைக்கு அந்தப் பக்கம். நான் சொன்ன தச்சரின் மகன் இன்று சொந்தமாக ஸ்டீல் பர்னிச்சர் பட்டறை வைத்திருக்கிறான். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். அரசு அலுவலகங்களுக்கு பீரோ, அலமாரி சப்ளை செய்கிறான். அவனிடம் இதைப் பற்றிப் பேசினேன். "விலை குறைச்சுப் போடறது கஷ்டமில்ல சார். கடைசி நாள் சாயங்காலம் சைட் சுத்திக்கிட்டே நிக்கும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை கம்ப்யூட்டர் எடுத்துக்காது. போன் பண்ணினா யாரும் எடுக்கமாட்டாங்க. அதையும் தாண்டி ஆர்டர் கிடைச்சு, சரக்கும் போட்டுட்டா, பில் எந்த மேசையில இருக்குன்னே தெரியாது. தெரிஞ்சுக்கறதுக்கு ஒருநாள் பட்டறையைப் பூட்டிட்டு நேர்ல போகணும்" என்றான்.

சிறுதொழில் செய்பவர்களுக்குச் சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் கொடுக்கவேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் சட்டம். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. சட்டம் கடுமையானதுதான். ஆனால் வட்டி கேட்டால் அடுத்த ஆர்டர் வருமா என்ற பயத்தில் எத்தனை பேர் கேட்பார்கள்? சோதனையின்போது ஒரு சின்ன சப்ளையரைக் கூப்பிட்டு, அவருடைய சாதாரண போனில், தமிழில், தன் பில் யார் மேசையில் எத்தனை நாளாக இருக்கிறது என்று பார்க்க முடிகிறதா என்று கேளுங்கள். 46ஆவது நாள் யாருக்கு எச்சரிக்கை போகும் என்று கேளுங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் சர்வர் நின்றால் தானாகவே நேரம் நீட்டிக்கப்படுமா, அல்லது போட முடியாதவன் தலையெழுத்து என்று விட்டுவிடுமா என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு நான் அதிக மார்க் வைப்பேன். சின்ன ஆட்கள் சலித்துப்போய் விலகிவிட்டால், போட்டிக்கு மிஞ்சுவது இரண்டே கம்பெனிகள். பிறகு விலை எங்கே குறையும்?

ஐந்தாவது, வெளியே வரும் வழி. சக்கரவியூகத்துக்குள் போகத் தெரிந்த அபிமன்யுவுக்கு வெளியே வரத் தெரியவில்லை. உங்கள் நிறுவனத்தின் பத்து வருடக் கணக்கும் அந்தக் கம்பெனியின் கையில் இருக்கும். ஒப்பந்தம் முடிந்தால் அதை முழுவதுமாக, வேறு மென்பொருள் படிக்கக்கூடிய வடிவத்தில் திருப்பித் தருவார்களா? எத்தனை நாளில்? அதற்குத் தனிக் காசு உண்டா? விதியில் ஒரு தொகை வரம்பு மாறினால் அதை நீங்களே மாற்றிக்கொள்ளலாமா, அல்லது ஒவ்வொரு தடவையும் கம்பெனிக்கு பில் கட்டவேண்டுமா? வாங்கும் விலையை மட்டும் பார்க்காமல் ஏழு வருடத்துக்கு என்ன செலவு என்று கணக்குப் போடுங்கள். பரீட்சார்த்தமாகக் கொஞ்சம் விவரத்தை உள்ளே போட்டு, அன்றே வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இதுவும் செய்முறைத் தேர்வுதான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் இரண்டு தடை சொன்னான். இரண்டுமே நியாயமானவை.

"குறைந்த விலைக்காரரை விட்டுட்டு வேற ஆளுக்குக் கொடுத்தா ஆடிட்ல கேள்வி வரும் சார்." சரிதான். அதனால்தான் இந்த ஐந்து கேள்வியும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மார்க், பாஸ் மார்க் என்ன என்பதும் டெண்டர் ஆவணத்திலேயே முன்கூட்டி அச்சாகியிருக்கவேண்டும் என்கிறேன். செய்முறையில் பாஸ் செய்தவர்களின் விலை உறையை மட்டும் திறங்கள். அவர்களில் குறைந்த விலைக்குக் கொடுங்கள். தரத்துக்கும் விலைக்கும் சேர்த்து மார்க் போட்டுத் தேர்வு செய்யும் முறையையும், உரிய நிபந்தனைகளோடு, தரத்துக்கு அதிகபட்சம் 30 சதவீதம் என்று மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் விரிவுபடுத்தியிருக்கிறது. உங்கள் நிறுவனத்துக்கு எது பொருந்தும் என்று நிதிப் பிரிவைக் கேட்டுக்கொள். வினாத்தாளை முன்பே அறிவித்துவிட்டு, விடைத்தாளையும் பத்திரமாக வைத்திருந்தால் ஆடிட்டுக்கு ஏன் பயப்படவேண்டும்?

இன்னொரு தடை, நேரம். "மார்ச்சுக்குள்ள முடிக்கணும் சார்." இதைக் கேட்டதும் எனக்கு என் பழைய பெஞ்சு ஞாபகம் வந்துவிட்டது. நானும் அந்தக் காரணத்தைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு கம்பெனிக்கு இரண்டு நாள், மூன்று கம்பெனிக்கு ஆறு நாள். ஏழு வருடம் உங்கள் எல்லாரையும் கட்டிப்போடப் போகிற பொருளுக்கு ஆறு நாள் அதிகமா?

ஒன்றில் மட்டும் அவன் சொன்னதை நான் ஏற்றுக்கொண்டேன். கம்பெனியின் வருமானத்தையும் அனுபவத்தையும் பார்க்கத்தான் வேண்டும். நாளைக்கே மூடிவிட்டுப் போகும் கம்பெனியிடம் மாட்டிக்கொண்டால் கஷ்டம். ஆனால் அதை நுழைவுத் தகுதியாக வையுங்கள். இருந்தால் தேர்வு எழுதலாம், இல்லாவிட்டால் எழுத முடியாது. பரீட்சை ஹாலுக்குள் வந்தபின் அதற்கு மார்க் வேண்டாம்.

கடைசியாக ஒரு விஷயம். உக்ரைனில் புரோசோரோ என்று ஒரு கொள்முதல் மென்பொருள் இருக்கிறது. 2014ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகு தன்னார்வலர்கள் தொடங்கிவைத்தது. 2016இல் அரசு அமைப்புகள் எல்லாவற்றுக்கும் கட்டாயமாக்கினார்கள். அதன் மூல நிரலே எல்லாருக்கும் திறந்திருக்கிறது. எல்லாரும் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்பதுதான் அவர்களின் கொள்கை. யார் என்ன விலை போட்டார், யாரை ஏன் நீக்கினார்கள் என்பதை, டெண்டர் முடிந்ததும் சாதாரண மனிதர்கூடப் பார்க்கலாம். என் பள்ளியின் அந்த மூன்று கொட்டேஷனையும் அன்றைக்கு நோட்டீஸ் போர்டில் ஒட்டவேண்டும் என்று ஒரு விதி இருந்திருந்தால், நான் கையெழுத்துப் போட்டிருப்பேனா? மாட்டேன். ஊரில் யாராவது ஒருவர் அந்தக் கையெழுத்தை அடையாளம் கண்டிருப்பார். அனேகமாக அந்தத் தச்சரே கண்டிருப்பார்.

அவர் இப்போது இல்லை. அவர் மகன் இதைப் படிப்பான். படிக்கட்டும் என்றுதான் எழுதினேன். உன் அப்பாவிடம் நான் கேட்டிருக்கவேண்டும் தம்பி.

குழு வரும் வியாழக்கிழமை கூடுகிறது. உங்களில் அரசு அலுவலகங்களில் கோப்பு பார்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், ஆடிட்டில் இருக்கிறீர்கள், சப்ளை செய்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பவர்களும் இருக்கிறீர்கள். என் வினாத்தாளில் விட்டுப்போன கேள்வி எது என்று புதன்கிழமைக்குள் எழுதுங்கள். அவனிடம் சேர்த்துவிடுகிறேன்.